இறுகுவதற்கு ஒரு நாள்

கணவரின் உதடுகளை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோது, சன்னலோர மேசையிலிருந்த கண்ணாடிக் குழாயில் கூட்டுப்புழு நீர்மட்டத்துக்கு ஏறிவிட்டதை அவள் கண்டாள். பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்து போவதற்குள் அதன் முதுகு பிளந்திருந்தது. பிளவின் வழியே வெளிறிய உடலொன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, தான் கழற்றிய தோலின்மீதே கால் ஊன்றி நின்றது. பிறகு தண்ணீரின்மேல் தள்ளாடி நடந்து குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டது. ஒரு தும்மலுக்கு ஆகும் நேரந்தான்.

அவள் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் குனிந்தாள். பூச்சியின் தலைக்கு முன்னால், இன்னும் விரியாத இரண்டு இறகுகள் ஒட்டிக் கிடந்தன.

"என்னங்க," என்றாள். "வந்திருச்சு. ஆண்."

அவர் கண் திறக்கவில்லை. மூக்கில் செருகியிருந்த பிராணவாயுக் குழாய்க்கு மேலே புருவம் மட்டும் உயர்ந்தது.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். மீசை இறகு மாதிரி இருக்கு."

"மீசை இல்ல." மூச்சு வாங்கினார். "உணர்கொம்பு."

"சரி, உணர்கொம்பு."

"நாளைக்கு எடு. ஒரு நாள் இறுகட்டும்."

இதைச் சொல்வதற்கு அவருக்கு நான்கு மூச்சு வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும், பாடத்தை ஒப்பித்துவிட்ட பிள்ளையைப்போல வாயைத் திறந்து வைத்துக்கொண்டார். அவள் திரும்பி வந்து பஞ்சை நனைத்தாள்.

ஏரியை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் எல்லாரும் அந்தப் பூச்சியைக் கொசு என்றார்கள். அது பிழை. கொசுவுக்குக் குத்தி உறிஞ்சும் ஊசிவாய் உண்டு, இதற்கு இல்லை. இது எவரையும் கடிப்பதில்லை. சிறகு முளைத்தபின் பெரும்பாலும் உண்பதுகூட இல்லை. புழுப்பருவம் முழுவதும் ஏரிச் சேற்றில் சிவப்பு நூலாக நெளிந்து கிடந்து, பிறகு சில மாலைப்பொழுதுகள் கரையோரத்தில் புகைத்தூண்போலத் திரண்டு பறந்து, அத்தோடு முடிந்துபோகும். அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் வேலை பார்த்த காலமெல்லாம், ஓய்வு பெற்ற பின்னரும், அவர் இந்தக் கடியாப் பூச்சிகளை இனம் பிரித்துப் பெயரிடுவதையே தொழிலாகக் கொண்டிருந்தார். நகராட்சி 'ஏரிக்கரைக் கொசு ஒழிப்பு' என்று அறிவிப்பு வைக்கும்போதெல்லாம் திருத்தம் எழுதி அனுப்புவார். அவர்கள் திருத்த மாட்டார்கள். அடுத்த ஆண்டும் அதே பலகையை வைப்பார்கள். அடுத்த ஆண்டும் இவர் எழுதுவார். சுற்றியிருந்த தெருக்களில் அவருக்குக் 'கொசு சார்' என்று பெயர். அந்தப் பட்டத்தில் அவரைப் புண்படுத்தியது ஏளனமன்று, தவறான வகைப்பாடு.

அவள் அதே அருங்காட்சியகத்தில் படம் வரைபவளாகச் சேர்ந்தவள். அவர் பூச்சியைப் பதித்த கண்ணாடிச் சில்லை நுண்ணோக்கியில் பொருத்துவார். அவள் பார்த்து வரைவாள். கண்டதற்கு முழுக்கோடு, காணாததற்குப் புள்ளிக்கோடு என்பது அந்தத் தொழிலின் இலக்கணம். சேர்ந்த புதிதில் ஒருமுறை, ஒடிந்துபோன காலொன்றை மறுபக்கத்துக் காலைப் பார்த்து முழுக்கோட்டிலேயே நிறைவு செய்துவிட்டாள். அவர் அந்தத் தாளை இரண்டாகக் கிழித்து, மிகவும் மரியாதையாக அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். திருமணத்துக்குப் பிறகும் அந்த மரியாதை குறையவில்லை, கிழிப்பதும் குறையவில்லை.

"அண்ணி, இந்த ரூம்ல மட்டும் ஏன் கொசு மருந்து போடல? மனுஷன் படுத்திருக்காரு, சுத்திச் சுத்தி வருதுங்க." நாத்தனார் கையில் மின்சாரக் கொசுவிரட்டியுடன் உள்ளே வந்தாள்.

"ஐயோ, அதை எடுத்துட்டுப் போ. குழாய்ல பூச்சி வந்திருக்கு."

"வந்திருச்சா?" நாத்தனார் கொசுவிரட்டியை அடுத்த அறையில் வீசியெறியாத குறையாக வைத்துவிட்டு வந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். அது தலைமேல் இருந்தது. இறக்கிப் போட்டுக்கொண்டு மேசைக்கருகே குனிந்தாள். "எங்க? ஆமா, ஆமா. இதுக்குத்தான் இம்புட்டு நாளாக் காவலா? பாக்கக் கொசு மாதிரித்தான் இருக்கு."

கட்டிலிலிருந்து ஓர் ஓசை வந்தது.

"இல்லண்ணா, கொசு இல்ல. வாய் தவறி வந்திருச்சு. நீ தூங்கு."

நாத்தனார் அவருக்கு ஒரே தங்கை. ஒரு துணிக்கடையில் நின்றபடியே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், உட்காரத் தெரியாதவள். அண்ணனை மருத்துவமனையிலிருந்து 'வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பிய அன்று ஒரு பையோடு வந்தவள், இன்னும் அந்தப் பையைப் பிரிக்கவில்லை. பிரித்தால் தங்குவது உறுதியாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. ஒவ்வொரு சேலையாக அதிலிருந்தே உருவிக் கட்டிக்கொண்டாள்.

"ஊருல புருஷனுங்க பொண்டாட்டி பேருல வீடு கட்டுவாங்க, நகை வாங்குவாங்க," என்றாள், கட்டிலின் காலடியில் நின்று அவருடைய பாதங்களைப் போர்த்திவிட்டபடி. "எங்கண்ணன் புழுவுக்குப் பேரு வச்சான். அதையும் ஒருத்தன் வந்து இல்லைன்னுட்டுப் போனான். உங்க ராசி அப்படி அண்ணி."

வேடிக்கைபோல இருந்தாலும் நடந்தது அதுதான். இந்த ஏரியின் வடிகால் மூலையில் அவர் ஒரு புழுவைக் கண்டெடுத்தார். அதன் முகவாய்த் தட்டில், நடுவிலுள்ள பல் பிளவின்றி ஒற்றையாக இருந்தது. அதுவரை அறியப்பட்ட இனத்தில் அந்தப் பல் மூன்றாகப் பிளந்திருக்கும். இது வேறு இனம் என்று அவர் எழுதினார். அவளுடைய பெயரை அதற்கு வைத்தார். அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அச்சான பிரதியில், தான் வரைந்த படத்துக்கு அடியில் தன் பெயர் சாய்ந்த எழுத்தில் இருப்பதைக் கண்டு, அச்சுப்பிழை என்றே அவள் நினைத்தாள். சில ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டு வல்லுநர் ஒரு பத்தி எழுதினார்: அது புது இனமன்று, மணலை மென்று மென்று பல் தேய்ந்துபோன பழைய இனம். அந்த ஒரு பத்தியோடு அவள் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது.

'தேய்ந்த பல்' என்ற சொல்லை அவர் அதற்குப் பிறகு வீட்டில் பயன்படுத்தவில்லை. பல் மருத்துவரிடம்கூட.

அந்தப் பத்தியை மறுப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. அந்த ஒற்றைப்பல் புழுவைத் தனிக் குழாயில் வளர்க்க வேண்டும், அது ஆண் பூச்சியாக வெளிவர வேண்டும். ஆணின் வால்நுனியில் இரு மடல்கள் இருக்கும். பழைய இனத்தில் அவை கட்டைவிரல்போல மழுங்கியிருக்கும். இது வேறு இனமென்றால் மடலும் வேறாக இருக்க வேண்டும். கொக்கிபோல இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஆனால் அதற்குள் ஏரியைத் தூர்வாரிவிட்டார்கள், புழு காணாமற்போயிற்று. இந்த ஆண்டு மழைக்குப்பின், அவர் தம் காலால் கடைசியாக வெளியே நடந்த நாட்களில், அதே மூலையிலிருந்து ஒரு வலை நிறையச் சேற்றை அள்ளி வந்தார். அதில் ஒற்றைப்பல் புழுக்கள் சில இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரு குழாயில் இட்டார். சில செத்தன. சில பெண்ணாக வெளிவந்தன. பெண்களைக் கொண்டு இந்த இனத்தில் எதையும் உறுதி செய்ய முடியாது.

"பொம்பளைங்கன்னா எல்லாரும் ஒண்ணுதானா உனக்கு?" என்று நாத்தனார் அப்போது கேட்டாள். அவர் சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்து, அன்றுதான் முதன்முதலாகப் பிராணவாயு வைத்தார்கள்.

எஞ்சியது இந்த ஒரு குழாய்.

நண்பகலுக்கு முன் நர்ஸ் வந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வருபவள். இரத்த அழுத்தம் பார்த்தாள், விரல் நகங்களைப் பார்த்தாள், போர்வையை விலக்கி முழங்கால்களைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கைகழுவும் இடத்துக்கு அவளைத் தனியாக அழைத்தாள்.

"சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்கம்மா. இன்னைக்கு ராத்திரி தாண்டாது. சாயங்காலமே கூட..."

"வலி இருக்குமா?"

"மருந்து போட்டிருக்கேன். ஏதாவது பேசணும்னா பேசுங்க. காது கடைசி வரைக்கும் கேக்கும்பாங்க."

நர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு, சொல்வதற்கு வேறேதும் இல்லாததால், சன்னலைப் பார்த்து, "இந்தப் பக்கம் கொசு ஜாஸ்தி இல்ல?" என்றாள்.

"ஆமா," என்றாள் அவள். திருத்துவதற்கு அப்போது அவளிடம் வலுவில்லை.

அறைக்குத் திரும்பியபோது அவர் விழித்திருந்தார். விழி மேசைப் பக்கம் இருந்தது. ஆனால் அவ்வளவு தூரம் அவருக்குத் தெரியாது என்பதை அவள் அறிவாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துக்கொண்டாள். கை கனத்திருந்தது.

"என்னங்க. இப்பவே எடுத்துப் பாத்துச் சொல்லிடட்டுமா?"

தலை அசைந்தது. மறுப்பு.

"கெட்டுப்போயிடும்," என்றார்.

"போனாப் போகட்டும். உங்களுக்குத் தெரியணுமில்ல?"

சிலிண்டரோடு இணைத்த நீர்ப்புட்டியில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

"எனக்குத் தெரியணும்னு இல்ல," என்றார். "தெரியணும். அவ்வளவுதான்."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டார். நாத்தனார் ஓடி வந்து காதை அவர் வாயருகே வைத்தாள்.

"நாளைக்குக் காலைல. அதுவரைக்கும் குழாய யாரும் தொடக் கூடாது."

"தொட விடமாட்டேண்ணா. எவன் வருவான், பாத்துக்கறேன்."

புதிதாக வெளிவந்த பூச்சி மெழுகுபோல இருக்கும். சிறகு காயவும் தோல் இறுகவும் வால்நுனி தன் உருவத்தில் நிலைக்கவும் ஒரு நாள் வேண்டும். அதற்குமுன் பதப்படுத்தும் சாராயத்தில் போட்டால் சுருங்கும். தசையைக் கரைக்கும் காரக் கரைசலில் வேகவைத்தால் குழையும். அருங்காட்சியகத்தில் இதை அறியாமல் பூச்சிகளைக் கெடுத்த பயிற்சி மாணவர்கள் பலர். அவர்களை அவர் திட்டியதில்லை. கெட்டுப்போன சில்லை அவர்கள் மேசையிலேயே வைத்துவிடுவார், தினமும் பார்க்கட்டும் என்று.

இவையெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் கட்டிலில் இருந்தார்.

மதியத்துக்குப்பின் அவருடைய மூச்சின் ஒலி மாறியது. இழுப்புக்கும் விடுப்புக்கும் நடுவே ஒரு நிறுத்தம் வந்தது. அந்த நிறுத்தத்தில் நாத்தனாரும் அவளும் தங்கள் மூச்சையும் பிடித்துக்கொண்டார்கள். நாத்தனார் அண்ணனுக்குப் பழைய கதைகளைச் சொல்லத் தொடங்கினாள்.

"ஞாபகம் இருக்காண்ணா? அந்தக் கவுன்சிலரு வந்தப்ப, இது கடிக்கவே கடிக்காதுன்னு சட்டையைக் கழட்டிட்டு ஏரிப்படியில போய் உக்காந்தியே. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா வீங்கி வந்துச்சு. கவுன்சிலரு சிரிக்கிறாரு. நீ என்ன சொன்ன? 'என்னைக் கடிச்சது கொசு. இதுங்க கூட்டத்துல அது வேற வந்திருக்கு'ன்னு அந்தத் தடிப்பக் காட்டிப் பாடம் எடுத்த. அம்மா தலையில அடிச்சிக்கிட்டா. கவுன்சிலரு ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு."

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

அவள் மேசையருகே நின்றாள். குழாயின் சுவரில் பூச்சி அசையாமல் இருந்தது. காலையில் ஒட்டிக் கிடந்த இறகுகள் இப்போது விரிந்திருந்தன. அதன் கால்கள் வெளிறியே இருந்தன. இன்னும் பொழுது வேண்டும். அவரிடம் பொழுது இல்லை. இந்த இரண்டையும் எந்த வகையிலும் ஒன்றோடொன்று பொருத்த முடியவில்லை. அவர் போய்ச் சேர்ந்தபின் நாளைக் காலையில் நுண்ணோக்கியில் அது கொக்கியாகத் தெரிந்தால் யாரிடம் ஓடிச் சொல்வது? கட்டைவிரலாகத் தெரிந்தால் யாரிடம் மறைப்பது?

தனக்காகத்தான் தெரிந்துகொள்ள விரும்புகிறோமோ என்றும் ஒரு கணம் தோன்றியது. அந்தப் பெயரை அவள் ஒருபோதும் பெரிதாகப் பேசியதில்லை. ஆனால் அந்த வல்லுநரின் பத்தி வந்த நாள், வீட்டுக்குள் யாரோ புகுந்து எதையோ எடுத்துப் போய்விட்டதுபோல இருந்ததை அவள் மறக்கவுமில்லை.

"நீ அவர்கிட்ட இரு," என்றாள். "நான் உள்ள கொஞ்சம் வேலை பாத்துட்டு வந்திடறேன்."

"போங்க அண்ணி. கொஞ்சம் படுத்துட்டு வாங்க. நான் இருக்கேன்."

நாத்தனார் கட்டிலின் பக்கம் திரும்பியிருந்தாள். அவள் குழாயை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

குழாயின் வாயை அடைத்திருந்த பஞ்சை உருவி, சில சொட்டுச் சாராயம் விட்ட இன்னொரு குழாயின் வாயை வெளிச்சப் பக்கமாக இதன் வாயோடு சேர்த்துப் பிடித்து, விரல் நகத்தால் மெல்லத் தட்டினாள். பூச்சி ஒளியை நோக்கித்தான் பறக்கும். பறந்தது. சாராயத்தைத் தொட்டதும் ஒருமுறை துடித்து, கால்களை மடக்கிக்கொண்டது.

ஊசியால் வால்நுனியை வெட்டிப் பிரித்தாள். சிறிய கண்ணாடித் தட்டில் காரக் கரைசல் விட்டு, வெந்நீர்க் கிண்ணத்தில் அதை மிதக்க விட்டாள். கடினமான பூச்சிக்கு அரைமணி வேண்டும். மெல்லிய பூச்சிக்கு எவ்வளவு என்று யாரும் எழுதி வைத்ததில்லை, ஏனென்றால் யாரும் அதைச் செய்யக் கூடாது. அடுத்த அறையிலிருந்து நாத்தனாரின் குரல் வந்துகொண்டிருந்தது. குரல் நிற்கும்போதெல்லாம் அவள் கை நின்றது. குரல் தொடர்ந்ததும் கை தொடர்ந்தது.

காடி அமிலம் ஒரு சொட்டு. பிறகு சாராயம். பிறகு கண்ணாடிச் சில்லில் ஒரு துளிப் பிசின். அதில் வால்நுனி, மேற்புறம் மேலே இருக்கும்படி. மூடுகண்ணாடியை ஒரு விளிம்பு முதலில் படும்படி சாய்த்து இறக்கினாள். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நடுங்காத கை இன்றும் நடுங்கவில்லை. அதை அவள் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

வலப்பக்க மடல் கிழிந்திருந்தது. இடப்பக்க மடல் இருந்தது. ஆனால் நுனி உட்புறமாகச் சாய்ந்திருந்தது. குவியத்தை மேலே ஏற்றினாள்: கொக்கி. கீழே இறக்கினாள்: மழுங்கிய விரலொன்று துவண்டு மடிந்ததுபோல. மறுபடியும் ஏற்றினாள். அது கொக்கியின் வளைவா, ஈரத் துணியின் மடிப்பா? ஒரு மயிரிழை விரிந்தால் போதும், தெரிந்துவிடும். பிசின் இன்னும் உறையவில்லை. ஊசிமுனையால் மூடுகண்ணாடியின் ஓரத்தை, மிக மெல்ல, அழுத்தினாள்.

விரிந்தது. விரிந்துகொண்டே போயிற்று. நீரில் ஊறிய காகிதம்போலப் பரவி, விளிம்பழிந்து, மடல் எது, தசை எது, குமிழி எது என்று பிரிக்க முடியாத ஒரு கறையாக நின்றது.

அவள் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் முடிந்துவிடும் என்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வரைவதற்கு அங்கே ஒரு கோடுகூட இல்லை.

"அண்ணி," என்று நாத்தனார் கூப்பிட்டாள். சத்தமாகக் கூப்பிடவில்லை. அதனாலேயே அவள் எழுந்து ஓடினாள். போகும்போது காலிக் குழாயின் வாயில் பஞ்சைத் திணித்து, முந்தானைக்குள் எடுத்துப் போய், மேசையில் அதன் இடத்தில் வைத்தாள். நாத்தனார் அதைக் கவனிக்கவில்லை.

"கண்ணு முழிச்சாரு. உங்களைத் தேடறாரு."

அவள் கட்டிலருகே மண்டியிட்டு அவர் கன்னத்தில் கைவைத்தாள். வைத்த பிறகுதான் விரல்களில் காடி அமிலத்தின் புளித்த நெடி இருப்பது நினைவுக்கு வந்தது. பூச்சிப் பிரிவின் நெடி. வாழ்நாள் முழுவதும் அவர் தினமும் முகர்ந்தது. கையை இழுத்துக்கொள்ள நினைத்தாள். அதற்குள் அவர் முகத்தை அந்தக் கைக்குள் சாய்த்திருந்தார்.

"இருக்கா?" என்றார்.

நாத்தனார் அவளைப் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது.

"இருக்கு," என்றாள் அவள்.

அவருடைய மூக்கு அவள் விரல்களின்மேல் இருந்தது. ஒருமுறை இழுத்தார். நிறுத்தம். மறுபடி இழுத்தார்.

"அவசரப்படாத," என்றார்.

அதற்குப்பின் அவர் பேசவில்லை. எதைச் சொன்னார், தெரிந்து சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா என்று கேட்பதற்கு ஒரு நிறுத்தம், இன்னொரு நிறுத்தம் என்று இடம் இருந்துகொண்டேயிருந்தது. அவள் கேட்கவில்லை. கரையோரத்தில் பூச்சிகள் தூணாகத் திரளும் வேளையில் ஒரு நிறுத்தம் நீண்டது. நீர்ப்புட்டியில் குமிழிகள் மட்டும் தொடர்ந்து வந்தன. நாத்தனார்தான் எழுந்து சிலிண்டரின் திருகை மூடினாள்.

விளக்குப் போட்டதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கூடத்தில் கட்டிலை இழுத்துப் போட்டு, வெள்ளைத் துணி போர்த்தி, சுற்றிலும் நாற்காலிகளை வைத்தார்கள். மாடிப்படியில் செருப்புகள் நிறைந்தன. கதவைச் சாத்த முடியாததால் ஏரிப் பக்கத்திலிருந்து பூச்சிகளும் வந்தன. விளக்கைச் சுற்றின, சுவரில் அமர்ந்தன, வெள்ளைத் துணியின்மேல் ஒவ்வொன்றாக இறங்கி உட்கார்ந்தன. முன்னங்கால்களை உயர்த்தி அசைத்துக்கொண்டு, தங்களுக்கு அங்கே ஏதோ வேலை இருப்பதுபோல.

கீழ்வீட்டுக்காரர் வந்து தலைமாட்டில் நின்றார். "கொசு சார் போயிட்டாரே," என்று மெல்லச் சொல்லிவிட்டு, துணியின்மேல் அமர்ந்திருந்த ஒன்றை அடிக்கக் கையை ஓங்கினார்.

"அடிக்காதீங்க," என்றாள் நாத்தனார்.

"கொசும்மா."

"கொசு இல்ல. அது கடிக்காது. கொசுன்னு சொன்னா எங்கண்ணன் எந்திரிச்சு உக்காந்து பாடம் எடுப்பான்."

யாரோ சிரித்துவிட்டு நிறுத்தினார்கள். கீழ்வீட்டுக்காரர் ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைத் தடவிக்கொண்டார். நாத்தனார் சேலைத் தலைப்பால் துணியின்மேல் விசிறினாள். பூச்சிகள் எழுந்து மறுபடியும் அங்கேயே அமர்ந்தன. அப்போதுதான் நாத்தனாருக்கு ஏதோ நினைவு வந்து விறுவிறுவென்று உள்ளே போனாள்.

சன்னலோர மேசையைச் சுற்றி யாரோ பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். நாத்தனார் குழாயை எடுத்து, இரு கைகளாலும் பொத்திக்கொண்டு, ஆட்களை விலக்கிப் போய்க் கூடத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அதற்கு முன்னால் தன் பையை வைத்து மறைத்தாள். இத்தனை நாளும் பிரிக்காத பை.

"அதுல என்ன?" என்று ஓர் உறவுக்காரி கேட்டாள்.

"அண்ணனோடது. காலைலதான் எடுக்கணும்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அவள் இதைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். யார் யாரோ வந்து கையைப் பிடித்தார்கள்; ஒவ்வொரு கையும் விடுவதற்குள் அடுத்த கை வந்தது. பிறகு நாத்தனார் அந்த அலமாரிக்குக் கீழேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் உட்கார்ந்து பார்ப்பதே அரிது. அப்படி உட்கார்ந்திருப்பவளிடம் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

காலையில் வண்டி வந்தது. தெரு குறுகலானதால் பின்னோக்கித்தான் வர வேண்டியிருந்தது. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தி அழுத்தி விட்டார். நான்கு பேர் கூடத்தில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். படிக்கட்டின் திருப்பத்தில் எப்படித் திருப்புவது, எந்தப் பக்கம் முதலில் இறங்குவது என்று பேசிக்கொண்டார்கள்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்று நாத்தனார் அவர்களிடம் சொன்னாள்.

பையை இறக்கினாள், குழாயை எடுத்தாள். அதை ஏந்திக்கொண்டு அவள் இருந்த இடத்துக்கு வந்து குனிந்தாள்.

"அண்ணி. நேரம் ஆயிருச்சில்ல? நேத்து இந்நேரந்தான் வந்துச்சு. அவரு போறதுக்குள்ள எடுத்திடுங்க."

அவள் குழாயைக் கையில் வாங்கினாள். இரண்டு பேருமாகச் சன்னலின் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். பஞ்சு வெறுமையாக இருந்தது. சுவர் வெறுமையாக இருந்தது. அடியில், ஒரு விரல் உயரத்துக்கு நின்ற ஏரித் தண்ணீரின்மேல், நேற்று அது கழற்றிப்போட்ட தோல் மிதந்துகொண்டிருந்தது: தலை, முதுகு, கால் உறைகள் எல்லாம் அப்படியே, உள்ளே மட்டும் ஒன்றுமின்றி.

நாத்தனாரின் மூக்குக்கண்ணாடி தலைமேல் இருந்தது.

"எங்க இருக்கு, தெரியலையே. இந்தா, இந்தா. கீழ இறங்கி உக்காந்திருக்கு."

கூடத்தில் யாரோ "தூக்குங்க" என்றார்கள். கட்டிலின் கால் தரையில் உரசியது.

நாத்தனார் விரல் நகத்தால் கண்ணாடியை மெல்லத் தட்டினாள். தண்ணீர் அசைந்தது. அதன்மேல் அதுவும் அசைந்து, அரைவட்டம் திரும்பி, நின்றது.

"உயிரோடதான் இருக்கு அண்ணி," என்றாள்.

அவள் குழாயை வெளிச்சத்திலிருந்து இறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.